அரை மணித் தொலைவில் கடலும் மலையும்

நாகர்கோவிலிலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சொத்தவிளைக் கடற்கரை. வடக்கே கிளம்பினால் பூதப்பாண்டி தாண்டியதும் மலை எதிரே வந்து நிற்கும்; கீரிப்பாறை, காளிகேசம் போகிற வழியெல்லாம் ரப்பர் தோட்டமும் காடும்தான். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள். நடுவில் நாஞ்சில் நாட்டின் வயலும் குளமும் தென்னந்தோப்பும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,700 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. காலையில் மலையருவியில் குளித்துவிட்டு, மதியம் வீட்டில் சாப்பிட்டு, மாலையில் கடற்கரையில் உட்கார்ந்திருக்கலாம். ஒரே நாளில் இவ்வளவும் கைக்கெட்டுகிற நகரம் தமிழ்நாட்டில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இந்த அண்மைக்காகவே இங்கே குடிவர நினைப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். சென்னையிலும் மும்பையிலும் பணி ஓய்வு பெற்றவர்கள், வளைகுடாவில் இருபது முப்பது ஆண்டு உழைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எப்போதும் உண்டு. 2020-க்குப் பிறகு, மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும் என்றாகிவிட்ட இளம் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. இங்கே வாழ்க்கைக்கு வேண்டிய மற்ற வசதிகளும் குறைவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவனந்தபுரம் விமான நிலையம் எழுபது கிலோமீட்டருக்குள். 2024 ஆகஸ்ட் 31 முதல் சென்னை எழும்பூருக்கு வந்தே பாரத் ரயில் ஓடுகிறது; ஒன்பது மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2019-இல் நகராட்சி, மாநகராட்சியாக உயர்ந்தது.

இயற்கை சூழ்ந்த ஊருக்கு மக்கள் இடம்பெயர்வதைப் பொருளாதார அறிஞர்கள் வெகுகாலமாக ஆராய்ந்துவருகிறார்கள். அமெரிக்கப் புவியியலாளர் எட்வர்ட் உல்மன் 1954-இல் எழுதிய கட்டுரையில், தட்பவெப்பமும் நிலக்காட்சியும் ஒரு வட்டாரத்தின் வளர்ச்சிக்கே காரணமாக முடியும் என்று வாதிட்டார். வேலை இருக்கும் இடத்துக்கு மனிதர் போவார்கள் என்பதே அதுவரை பொதுக்கருத்து. மனிதர் விரும்பும் இடத்துக்கு வேலையும் வரும் என்றார் அவர். ஜெனிஃபர் ரோபேக் 1982-இல் இதைக் கணக்காக்கினார். இனிய சூழலுள்ள ஊரில் சம்பளம் குறைவாக இருந்தாலும், வீட்டு வாடகையும் மனை விலையும் கூடுதலாக இருந்தாலும் மக்கள் அங்கே வாழச் சம்மதிக்கிறார்கள். அந்த வித்தியாசம்தான் நல்ல காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அவர்கள் தரும் விலை.

நாகர்கோவிலில் இந்த விலை கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கிறது. படித்த பிள்ளைகளுக்கு இங்கே கிடைக்கும் சம்பளம் சென்னைச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது. அதனால்தான் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ரயிலேறிப் போனார்கள். மனை விலையோ உள்ளூர் வருமானத்தோடு பொருந்தாத உயரத்தில் நிற்கிறது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் சம்பாதித்த பணம் இங்கே மண்ணில் வந்து இறங்குவதே அதற்குக் காரணம். உள்ளூரிலேயே வேலை பார்த்து உள்ளூரிலேயே வீடு கட்ட நினைக்கும் ஆசிரியரோ கடைக்காரரோ, வெளியே சம்பாதித்தவரோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. குடிவருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இந்த விலையைக் கொடுத்து வந்தவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா? டேனியல் கானமனும் டேவிட் ஷ்கேடும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேராகவே கேட்டது. வெயிலும் கடலும் நிறைந்த கலிஃபோர்னியாவிலும், குளிர் நிறைந்த மத்திய மேற்கு மாநிலங்களிலும் படித்த சுமார் 2,000 மாணவர்களிடம் வாழ்க்கை நிறைவு பற்றி விசாரித்தார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்தாம் மகிழ்ச்சியாக இருப்பார் என்று இரு பகுதி மாணவர்களும் நினைத்தார்கள். ஆனால் தங்கள் வாழ்க்கை பற்றி அவரவர் சொன்ன நிறைவில் வேறுபாடு இல்லை. தூரத்திலிருந்து ஓர் ஊரை நினைக்கும்போது அதன் கடலும் வானமும் மட்டும் மனதில் பெரிதாகத் தெரிகின்றன. அங்கே போய் வாழும்போது பிள்ளையின் பள்ளி, அலுவலக நெருக்கடி, வயிற்றுவலி, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. விடுமுறையில் நான்கு நாள் சொத்தவிளையில் நின்று பார்த்துவிட்டு இங்கேயே மனை வாங்க முடிவெடுப்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

அதற்காகக் கடலும் வயலும் மனிதருக்கு ஒன்றும் செய்வதில்லை என்று ஆகிவிடாது. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் நீண்ட காலம் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, கடற்கரைக்கு அருகில் வாழ்கிறவர்கள் தங்கள் உடல்நிலை நன்றாக இருப்பதாகச் சொல்லும் விகிதம் கூடுதல் என்று காட்டியது. வசதி குறைந்த பகுதிகளில்தான் இந்தப் பலன் அதிகம் தெரிந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மறு ஆண்டு, ஒரே மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துச் சேர்த்த தரவிலும் இதே போக்கு தென்பட்டது. பலன் சிறியதுதான், ஆனால் இருக்கிறது. பிறகு 2019-இல் ஏறத்தாழ 20,000 பேரின் தரவைப் பார்த்தார்கள். வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் உடலும் மனமும் நலமாக இருப்பதாகச் சொல்லும் விகிதம் கூடுதலாக இருந்தது. அந்த 120 நிமிடம் ஒரே நாளில் கிடைத்தாலும், பல நாட்களில் சிறிது சிறிதாகக் கிடைத்தாலும் பலன் ஒன்றுதான்.

கலிஃபோர்னிய ஆய்வையும் எக்ஸெட்டர் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மனதில் தீட்டிக்கொண்ட காட்சி சீக்கிரம் பழகிப்போகிறது. அன்றாடம் காலும் கண்ணும் படுகிற இயற்கை பழகிப்போவதில்லை. ஜெர்மனியில் புரூனோ ஃப்ரேயும் அலோய்ஸ் ஷ்டுட்சரும் செய்த ஆய்வும், அன்றாடம் நேர்வதே நிறைவைத் தீர்மானிக்கிறது என்பதற்குத் துணை நிற்கிறது. வேலைக்குப் போய்வர அதிக நேரம் செலவிடுகிறவர்கள், நல்ல வீடும் நல்ல சம்பளமும் அதற்கு ஈடாகக் கிடைத்திருக்க வேண்டிய நிலையிலும், வாழ்க்கையில் குறைந்த நிறைவையே சொன்னார்கள். வீட்டின் அழகைவிட, வீட்டுக்கும் வேலைக்கும் சந்தைக்கும் குளக்கரைக்கும் இடையிலுள்ள தூரம் குறைவாக இருப்பதுதான் பெரிய செல்வம்.

நாகர்கோவிலின் கோட்டாறும் வடசேரியும் மீனாட்சிபுரமும் இந்தச் செல்வத்தைப் பல தலைமுறைகளாக வைத்திருக்கின்றன. அடுத்தடுத்து ஒட்டிய வீடுகள், தெரு முனையில் கடை, நடக்கும் தூரத்தில் பள்ளி, ஊர் முடிகிற இடத்தில் சட்டென்று வயல். காலை பத்துப் பதினொரு மணிக்கு மணக்குடி, பள்ளம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து மீன்காரம்மா கூடையோடு தெருவுக்குள் வருவார். சாளையா, அயிலையா, நெத்திலியா என்பதைக் குரலிலேயே சொல்லிவிடுவார். வாசலில் கூடையை இறக்கி, வாழையிலையை விலக்கி, செவுளைத் தூக்கிக் காட்டி, விலை பேசி, பேரக்குழந்தையின் காய்ச்சலையும் விசாரித்துவிட்டுப் போவார். கடல் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், அன்று விடியலில் பிடித்த மீன் மதியக் குழம்பில் இருக்கும். கடலுக்கு அருகில் வாழ்வது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இந்த நிலம் தானாக இப்படி அமைந்துவிடவில்லை. மகேந்திரகிரிப் பக்கத்து மலையில் பிறக்கும் பழையாறு நாஞ்சில் நாட்டைக் கடந்து, சுசீந்திரத்தைத் தொட்டு, மணக்குடியில் கடலில் சேர்கிறது. சிறிய ஆறு. இவ்வளவு வயலுக்கு அது மட்டும் போதாது. திருவிதாங்கூர் அரசு கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைக் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தது. பின்னர் பெருஞ்சாணி அணை வந்தது. மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தபின், 1966-இல் மாத்தூர் தொட்டிப்பாலம் எழுந்தது. பள்ளத்தாக்குக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குத் தண்ணீர் நடந்து போகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மேற்கே ஓடிவிடும் நீர் தோவாளைச் சானல், அனந்தனார் சானல் வழியாகக் கிழக்கே வந்து நாஞ்சில் நாட்டுக் குளங்களை நிரப்புகிறது. மாவட்டத்தில் குளங்கள் இரண்டாயிரத்துக்கு மேல்.

வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணை திறப்பார்கள். தென்மேற்குப் பருவமழையில் கன்னிப்பூ, வடகிழக்குப் பருவமழையில் கும்பப்பூ என்று இருபோக நெல். இரண்டு பருவமழையும் பெய்கிற தமிழ் மண் இது. குளம் நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறு ஊறும். கரையோர ஊர்களில் நன்னீர் நிற்கும்வரை உப்புநீர் உள்ளே ஏறாது. வயல் வெறும் நெல் விளையும் இடம் மட்டுமன்று. ஐப்பசி அடைமழையில் நகரத்தின் மேல் விழும் நீரை ஏந்திக்கொள்ளும் தட்டும் அதுதான். சுசீந்திரம், தேரூர் குளங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வருவதும், புத்தளம் உப்பளத்தில் பூநாரை இறங்குவதும் இந்த நீரமைப்பின் தயவு. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

ஆக, பார்த்து மயங்கி வருகிறவரை ஈர்க்கும் பச்சை, வேலை செய்கிற நிலத்தின் பச்சை. மடை திறக்க ஆள் வேண்டும், வரப்பு வெட்ட ஆள் வேண்டும், சானலில் பாசி அள்ள அரசாங்கம் வேண்டும். இதில் ஒன்று நின்றாலும் பச்சை மறைந்துவிடும். நான் சொல்ல வந்த விஷயம் இதுதான்: குடிவருகிறவர்கள் எந்த நிலத்தைக் கண்டு வருகிறார்களோ, அந்த நிலத்தின் மேலேயே வீடு கட்டுகிறார்கள்.

நகரைச் சுற்றிய சாலைகளில் போனால் இது எப்படி நடக்கிறதென்று பார்க்கலாம். முதலில் ஒரு வயல் இரண்டு போகம் தரிசாகக் கிடக்கும். கோரையும் சம்பும் வளரும். பிறகு சாலையோரத்தில் இரண்டு லாரி செம்மண். அடுத்த வாரம் இருபது லாரி. வயல் மட்டத்திலிருந்து நாலடி மேடு எழுந்ததும் குறுக்குமறுக்காகக் கல் நட்டு, பாதை பிரித்து, சாலை முகப்பில் ஒரு வளைவு கட்டி, அதில் ஏதோ ஒரு 'கார்டன்' அல்லது 'நகர்' என்று பெயர் எழுதுவார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் நெல் பயிரிடும் ஒருவரின் வயலில் தண்ணீர் வடிய வழியில்லாமல் கதிர் அழுகும். மேலே இருந்த மடை மண்ணுக்குள் போயிருக்கும். "தண்ணி போவ வழி எங்க இருக்கு, நீரே சொல்லும்" என்று அப்படியொரு வரப்பில் நின்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அடுத்த ஆண்டு அவரும் விற்றுவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நெல்லில் மிச்சம் இல்லை, அறுக்க ஆள் இல்லை, கடைவரம்புக்குத் தண்ணீர் வருவதில்லை. ஒரு சென்டுக்குக் கிடைக்கும் பணம் ஆயுள் முழுக்க விதைத்தாலும் வராது. நிலத்தைக் காக்கும் பொறுப்பை மிகக் குறைந்த வருமானமுள்ளவரின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு, அவர் விற்றதும் வருந்துவது நியாயமாகாது.

2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருமழை வந்தபோது தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது, அவ்வளவுதான். நான்குவழிச் சாலையும் வயல்களையும் குளங்களையும் ஊடறுத்துத்தான் போடப்படுகிறது. மழைக்காலத்தில் இப்படித் தத்தளிக்கும் நகரமே, முக்கடல் அணை வறளும் கோடையில் குடிநீருக்குக் காத்து நிற்கிறது.

நாகர்கோவில் தன்னை நகரமாக்கிக்கொண்ட விதத்தை சுந்தர ராமசாமி 'ஒரு புளியமரத்தின் கதை'யில் 1966-லேயே எழுதிவிட்டார். காற்றாடித் தோப்பை வெட்டிவிட்டு அதே இடத்தில் பூங்கா அமைக்கிற பகுதி அந்த நாவலில் வருகிறது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும், வயலை மூடிவிட்டு அதன் நினைவாகக் 'கிரீன்' என்று மனைப்பிரிவுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கடற்கரைக்கும் இதேபோல் ஒரு மறுபக்கம் உண்டு. சின்னமுட்டத்திலிருந்து நீரோடி வரை கடலோரம் நெடுக மீனவ ஊர்கள் தொட்டுத்தொட்டு இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் சிதைத்தது. மணக்குடிப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களைத் திரும்ப வரவிடவில்லை. கடல் அரிப்பு ஆண்டுதோறும் வீடுகளைத் தின்கிறது. அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு ஒவ்வொரு ஊரும் போராடுகிறது. ஓர் ஊரில் போட்டால் பக்கத்து ஊரில் அரிப்பு கூடுகிறது. கடல் பார்த்த வீடு வேண்டும் என்பவர், கடல் பார்த்தே வாழ வேண்டியிருக்கிறவரின் வீட்டுக்குப் பக்கத்தில்தான் மனை வாங்குகிறார்.

மீனவ ஊர்க்காரர்களை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு மூதாட்டியை, நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த அதே ஆண்டு. அவர் அங்கேயே நின்று உரக்க நியாயம் கேட்ட காட்சி பரவி, ஊழியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மீன் வேண்டும், மீன்வாடை வேண்டாம். நெல்வயலின் காற்று வேண்டும், அறுவடை இயந்திரத்தின் தூசி வேண்டாம் என்கிற மனப்பான்மையோடு வருகிறவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது. அவர்கள் தேடுவது கடலுமில்லை, கிராமமுமில்லை.

அப்படியானால் யாரும் வரவே கூடாதா? அப்படி நான் நினைக்கவில்லை. திரும்பி வரும் பிள்ளைகளால் முதியோர் மட்டும் இருந்த வீடுகளில் விளக்கு எரிகிறது, பள்ளிகளுக்கு மாணவர் சேர்கிறார்கள், இங்கேயே தொழில் தொடங்குகிறார்கள். ஆனால் 2011-லேயே சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்ந்த மாவட்டம் இது. சென்னைக்கு அடுத்தபடியாக நெருக்கம் மிகுந்தது. இவ்வளவு பேர் ஆளுக்கொரு தனி வீடும் சுற்றுச்சுவரும் என்று பரவினால் இரண்டு தலைமுறையில் நாஞ்சில் நாடு முடிந்துவிடும். பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளைச் செப்பனிட்டுக் குடியேறுவது, ஊருக்குள்ளேயே மேட்டு நிலத்தில் அடுக்குமாடி கட்டுவது, நீண்டகால வாடகைக்கு இருப்பது ஆகியவைதாம் எனக்குத் தெரிந்த நேர்மையான வழிகள். இவை தியாகமும் இல்லை. மேலே சொன்ன ஆய்வுகளின்படி, சந்தைக்கும் பேருந்துக்கும் நடந்து போகக்கூடிய கோட்டாற்று வீட்டுக்காரர், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வயல் நடுவே மாளிகை கட்டியவரைவிட நிறைவாக வாழ வாய்ப்பு அதிகம்.

சட்டமும் வேண்டும். இங்கிருந்து களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே 2008-இல் நெல்வயலையும் ஈரநிலத்தையும் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள்; 2018-இல் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள் என்றாலும், வயலை மண்ணடித்து மூடுவது அங்கே குற்றம்தான் என்ற நிலை இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கு மட்டுமானது. எண்ணெய், எரிவாயு போன்ற தொழில்களைத் தடுப்பதே அதன் வேலை. அனுமதியில்லாத மனைகளைப் பதிவுசெய்ய 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டே அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்துவிட்டன. ஒரே மழை, ஒரே மலைத்தொடர், 1956 வரை ஒரே அரசு; எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் வயலைக் காக்க அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. நெல் பயிரிடுகிறவருக்கு, வெள்ளம் தாங்கும் நிலத்தை வைத்திருப்பதற்காகவே ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் அரசு பணம் கொடுத்தால் விற்கும் அவசரம் குறையும். கேரளத்தில் நெல்வயல் உரிமையாளர்களுக்கு ஒரு தொகை கொடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

சட்டம் வரும்வரை வாங்குகிறவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மனையை மட்டும் பார்க்காமல், கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டில் அந்த நிலம் நஞ்சையா புஞ்சையா என்று பார்க்க வேண்டும். புல வரைபடத்தில் ஓடை, சானல், குளத்து நீர்ப்பிடிப்பு எங்கே ஓடுகின்றன என்று பார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் ஒருமுறை நேரில் போய் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் நெல் பயிரிடுகிறவரிடம் அவர் மடை எங்கே என்று கேட்க வேண்டும். பதில் இந்த மனைக்கு அடியில் என்று வந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் முன்பணம் கொடுக்கக் கூடாது.